பெயர் போடாமலும் இதழ் நடத்தலாம்: பால்புதுமை இளைஞர்களோடு மின்னிதழ் தொடங்குகிறவர்களுக்கு

எங்கள் இரண்டாவது இதழ் வெளியாக ஒரு மணி நேரம் இருந்தது. அட்டைப்படம் ஒரு காபி டம்ளர். கதை எழுதிய தம்பி தன் வீட்டுத் திண்ணையில் வைத்து எடுத்து அனுப்பியது. சாய்ந்து விழும் வெயில், டம்ளரின் நிழல், பக்கத்தில் பாதி உரித்த கடலை. முகம் இல்லை, கதவு எண் இல்லை, தெருப்பெயர் இல்லை. ஏற்றிவிடலாம் என்று இருந்தபோது, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த ஒருவர் குழுவில் எழுதினார்: “அக்கா, டம்ளர் விளிம்புக்குக் கீழ பாருங்க.” பாத்திரக் கடையில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிக் கொடுப்பார்களே, அது. கதை எழுதிய தம்பியின் அப்பத்தாவின் பெயர், ஊரின் முதலெழுத்து, புதுமனை புகுந்த தேதி. அந்த ஊர்க்காரர் ஒருவர் பார்த்தால் போதும், கதை எழுதியது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். வீட்டில் இன்னும் எதுவும் சொல்லாத பிள்ளை.

படத்தை எடுத்துவிட்டு, டம்ளரைப் பேனாவால் வரைந்து போட்டோம். அன்றிலிருந்து எந்தப் படத்தையும் இரண்டு பேர் பெரிதாக்கிப் பார்க்காமல் நாங்கள் வெளியிடுவதில்லை.

தன்பாலீர்ப்பு கொண்டவர்கள், திருநங்கைகள், திருநம்பிகள் (பெண்ணாக வளர்க்கப்பட்டு, தன்னை ஆணாக உணர்ந்து வாழ்பவர்கள்), தனக்கு என்ன பெயர் என்று இன்னும் முடிவு செய்யாதவர்கள் எனப் பால்புதுமை இளைஞர்கள் கூடி எழுதவும் வரையவும் ஓர் இணைய இதழ் தொடங்கலாமே என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை என்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணினி அறிவு அதிகம் வேண்டாம், பணமும் ஏறக்குறைய வேண்டாம். வேண்டியது ஒன்று இருக்கிறது. கொடுத்ததை எந்த நாளிலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை வந்தால்தான் ஒரு பிள்ளை தன் கதையைக் கொடுக்கும். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் அந்த நம்பிக்கையைக் கட்டுவதற்குத்தான்.

யாரைச் சேர்ப்பது

18 வயது நிரம்பியவர்களை மட்டும் குழுவில் சேருங்கள். இது கல்நெஞ்சாகத் தோன்றும். பதினாறு வயதில்தான் துணை அதிகம் தேவைப்படும் என்று எனக்கும் தெரியும். ஆனால் பெரியவர்களும் சிறுவர்களும் முகம் தெரியாமல் தனிச்செய்தி அனுப்பிக்கொள்ளும் இடத்தை உங்களால் காவல் காக்க முடியாது. சிறுவர்களுக்கு உதவ வேறு வழி இருக்கிறது: இதழை யார் வேண்டுமானாலும், கணக்குத் தொடங்காமல், மின்னஞ்சல் கொடுக்காமல் படிக்கும்படி வையுங்கள். படிப்பவரின் எந்த விவரத்தையும் வாங்காதீர்கள். வயது வந்தவர்கள் எழுதியதைப் பதினைந்து வயதுக்காரர் படித்துக்கொண்டே இருப்பார். அவருக்கு அந்த நேரத்தில் அதுவே பெரிய துணை.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ள ஒருவர் மீது பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியவந்தால், போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி நீங்கள் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அதனால் “எதைச் சொன்னாலும் நமக்குள்ளேயே இருக்கும்” என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். குழு விதிகளில் இதைத் தெளிவாக எழுதிவிடுங்கள்.

பொறுப்பாளர்கள் மூன்று பேராவது வேண்டும். ஒருவர் தேர்வில் இருப்பார், ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போகும், மூன்றாமவர் இருப்பார். தனியாளாக நடத்திய முதல் நான்கு மாதம் எனக்கு இரவுத் தூக்கமே இல்லை. ஒரு செய்தியைப் பார்க்கத் தவறினால் என்ன ஆகுமோ என்ற பயம். அந்தப் பயத்தோடு இதழ் நடத்த முடியாது.

பெயர், எண், பணம்

தமிழ்நாட்டில் குழு என்றாலே கை வாட்ஸ்அப்புக்குப் போகும். அங்கே சாதாரணக் குழுவில் சேர்கிற எல்லோருக்கும் எல்லோருடைய எண்ணும் தெரியும். எண் தெரிந்தால் பெயரைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் செயலிகள் பாதிப் பேரின் போனில் இருக்கின்றன. ஆகவே வேண்டாம். சிக்னல் செயலியில் 2024 முதல் எண்ணைக் காட்டாமல் பயனர்பெயர் வைத்துக்கொள்ளலாம். டெலிகிராமில் அமைப்புகளுக்குள் போய், எண்ணை யாரும் பார்க்கக் கூடாது என்று மாற்றலாம். எண்ணை வைத்துத் தன்னைத் தேடிப்பிடிப்பதையும் தன் தொடர்புகளில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்ற வேண்டும், பலர் இந்த இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். டிஸ்கார்டு என்ற அரட்டைத் தளத்தில் பெரும்பாலும் புதிய மின்னஞ்சல் ஒன்று இருந்தால் போதும். நாங்கள் டிஸ்கார்டில் இருக்கிறோம்.

சேர வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் நாளே மூன்று காரியம் செய்யச் சொல்லுங்கள். இதழுக்கென்று புதிய மின்னஞ்சல், அதில் சொந்தப் பெயரோ பிறந்த ஆண்டோ இருக்கக் கூடாது. இன்ஸ்டாகிராம் போன்ற எதிலும் புதிய கணக்குத் திறந்தால் போனில் உள்ள தொடர்புகளைப் பார்க்க அனுமதி தரக் கூடாது. தந்தால் சித்தப்பாவின் போனில் “உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்” என்று இந்தக் கணக்கு போய் நிற்கும். மூன்றாவது, பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி அறிவிப்பை அணைப்பது. நம் வீடுகளில் போன் ஒருவருடையதாக இருப்பதில்லை. தம்பி விளையாட வாங்குவான், அம்மா சமையல் வீடியோ பார்க்க வாங்குவார். இந்த நடைமுறையை மனதில் வைத்துத்தான் எல்லாவற்றையும் அமைக்க வேண்டும்.

புனைபெயரை அவரவரே தேர்ந்தெடுக்கட்டும். பள்ளியில் கூப்பிட்ட பட்டப்பெயர், விளையாட்டில் வைத்த பெயர், வேறு தளத்தில் ஏற்கெனவே இருக்கும் பெயர் ஆகியவை வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

கோப்புகளையும் கவனியுங்கள். வேர்டு கோப்பின் பண்புகளுக்குள் கணினி உரிமையாளரின் பெயர் உட்கார்ந்திருக்கும். போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிவாகியிருக்கலாம். படத்தை அப்படியே அனுப்பாமல், அதைத் திரையில் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் அந்த இடக்குறிப்பு போய்விடும். கூகுள் டாக்ஸில் சொந்தக் கணக்கோடு நுழைந்து ஒரு காற்புள்ளி மாற்றினாலும் பெயர் வரலாற்றில் நிற்கும்.

பணம் விஷயத்தில் எங்களுக்கு ஒரு தப்பு நடந்தது. ஒரு இதழுக்குப் படம் வரைந்தவருக்கு எல்லோரும் சேர்ந்து ஒரு சிறு தொகை கொடுக்க முடிவு செய்தோம். யுபிஐ-யில் அனுப்பப் போனபோது, வங்கியில் பதிவாகியிருந்த பழைய பெயர் திரையில் வந்தது. அவர் திருநம்பி. அந்தப் பெயரை விட்டு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அனுப்பியவர் பெயரைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தார், ஆனால் இவருக்கு அது தெரிந்துவிட்டது. ஒரு மாதம் குழுப் பக்கம் வரவில்லை. இப்போது பணம் கொடுக்க வேண்டியிருந்தால், அவர் நம்பும் ஒரு பொறுப்பாளர் வழியாக மட்டும் போகும். முடிந்தவரை பணமே புழங்காமல் இதழ் நடத்துங்கள். புத்தகத்தைக் கூரியரில் வீட்டுக்கு அனுப்பும் யோசனையையும் விட்டுவிடுங்கள். பார்சலை வாங்கிப் பிரிப்பது யார் என்று உங்களுக்குத் தெரியாது.

சொற்கள்

புதிதாக வருகிறவர்கள் முதலில் தயங்குவது இங்கேதான். தன்னைப் பற்றித் தமிழில் பேசச் சொல் இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். வசவாகக் கேட்ட சொற்கள்தான் தெரியும். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தந்த உத்தரவு, பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லிச் செய்யும் ‘சிகிச்சை’களைத் தடுக்கச் சொன்னது. அந்த வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழக அரசு 2022 ஆகஸ்டில் ஒரு சொற்பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது. திருநங்கை, திருநம்பி, ஊடுபால் (ஆண், பெண் என்ற வழக்கமான உடற்கூறுக்குள் அடங்காமல் பிறந்தவர்களைக் குறிப்பது), பால்புதுமையர் போன்ற சொற்களுக்கு இன்று அரசு முத்திரையே இருக்கிறது. எங்கள் குழுவில் இதைச் சொன்னபோது ஒருவர், “அப்போ நான் கெஜட்லயே இருக்கேனா?” என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரிக்கும் குறியை வரிசையாகப் பதினைந்து போட்டார்.

ஆனால் சொற்பட்டியலை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். கதையில் வரும் பாத்திரம் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்ளுமோ அப்படியே சொல்லட்டும். கமுதிப் பக்கத்துப் பெண் தன் தோழியைப் பற்றி நினைக்கும்போது ‘தன்பாலீர்ப்பு’ என்று நினைக்க மாட்டாள். “அவளப் பாத்தா எனக்கு வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது” என்றுதான் நினைப்பாள். கதைக்கு அது போதும். ஆசிரியர் குறிப்புக்கும் அறிமுகத்துக்கும் பட்டியல் சொற்களை வைத்துக்கொள்ளுங்கள்.

அவன், அவள், அவர், அவங்க: யாரை எப்படிக் கூப்பிடுவது என்று சேரும்போதே கேளுங்கள். தமிழில் ‘அவர்’, ‘அவங்க’ ஆணா பெண்ணா என்று காட்டாமலே மரியாதையாக நிற்கும். இது நமக்குக் கிடைத்த வசதி. தெரியாத இடத்தில் அதையே பயன்படுத்துங்கள்.

முதல் கூடுகை: சினிமாவிலிருந்து தொடங்குங்கள்

“உங்கள் வாழ்க்கையை எழுதுங்கள்” என்று தொடங்கினால் ஒருவரும் எழுத மாட்டார்கள். வலிக்கும். யாராவது எழுதிவிட்டாலும் மறுநாள் ஏன் எழுதினோம் என்று பதறுவார்கள். தனக்கும் காகிதத்துக்கும் நடுவில் ஒரு பாத்திரம் நின்றால் கை தானாக ஓடும். அதற்குத்தான் சினிமா, சீரியல், கேம், அனிமே எல்லாம்.

நாங்கள் எப்போதும் கொடுக்கும் முதல் பயிற்சி இது. 1990-களிலும் 2000-களிலும் வந்த தமிழ்ப் படங்களின் காமெடிப் பகுதிகளில் ஒரு திருநங்கை இரண்டு நிமிடம் வருவார். அல்லது நளினமாக நடக்கும் ஒரு ஆண் வருவார். நாயகனின் நண்பர் கிண்டல் செய்வார், தியேட்டர் சிரிக்கும், அவர் போய்விடுவார். எந்தப் படம் என்று பெயர் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே நான்கைந்து நினைவுக்கு வரும். அந்தப் பகுதியில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி ஒன்றுதான்: அந்த இரண்டு நிமிடம் முடிந்ததும் அவர் எங்கே போனார்?

நாற்பது நிமிடம் கொடுங்கள். எல்லோரும் மைக்கை அணைத்துவிட்டு எழுதட்டும். எங்களுக்கு வந்தவற்றில் ஒன்றில், அந்தத் திருநங்கை ஷேர் ஆட்டோவில் ஏறி, தங்கையின் மகளுக்கு வாங்கிய கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டே வீடு போனார். பிரவுன் காகிதத்தை மூலை மடித்து, லேபிள் ஒட்டி, பெயர் எழுதும் இடத்தில் நிறுத்தி யோசித்தார். அவ்வளவுதான் கதை. படித்து முடித்ததும் குழுவில் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் எழுதினார், அந்தப் படம் வந்தபோது தன் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்ததாகவும், தானும் சிரித்ததாகவும், சிரிக்காவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்து எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்ததாகவும். அவர் அதுவரை மூன்று மாதமாகக் குழுவில் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

இந்தப் பயிற்சியில் இரண்டு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தை எடுங்கள், நடிகரை எடுக்காதீர்கள். உயிரோடு இருக்கும் நடிகர் ஒருவரின் அந்தரங்கத்தைப் பற்றிக் கற்பனை செய்து எழுதுவது, நமக்குப் பிறர் செய்த அதே வேலைதான். படத்தின் காட்சித் துண்டையோ போஸ்டரையோ இதழில் அச்சிட வேண்டாம். காப்புரிமைச் சிக்கல் வரும். வரைந்து போடுங்கள். இதழை விற்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

இப்படி இருக்கும் கதையை எடுத்து நமக்கு இடம் பண்ணிக்கொள்வது புதிதொன்றுமில்லை. 1960-களின் கடைசியில் அமெரிக்காவில் ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள், அதில் பெரும்பாலும் பெண்கள், மிமியோகிராஃப் என்ற பழைய நகலெடுக்கும் எந்திரத்தில் இதழ் உருட்டித் தபாலில் சுற்றுக்கு விட்டார்கள். 1970-களில் அந்தத் தொடரின் இரண்டு ஆண் பாத்திரங்கள் காதலிப்பதாகக் கதைகள் வரத் தொடங்கின. இரண்டு பெயருக்கும் நடுவில் போட்ட சாய்கோட்டை வைத்தே அந்த வகைக்கு ‘ஸ்லாஷ்’ என்று பெயர் வந்தது. நம் ஊரிலும் கல்லூரி விடுதிகளில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர்கள் இருக்கிறார்கள். ஒரே பிரதி, கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்து வரும். நாம் செய்வது இந்த இரண்டுக்கும் உறவுக்காரப் பிள்ளை.

தமிழில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். சென்னையின் ஓரினம் தன்னார்வக் குழு தமிழிலும் ஆங்கிலத்திலும் கதை, கவிதை, அனுபவம் எனப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருக்கிறது. குயர் சென்னை கிரானிக்கிள்ஸ் என்ற குழு 2018-ல் சென்னையில் குயர், அதாவது பால்புதுமை, இலக்கிய விழாவைத் தொடங்கியது, புத்தகமும் போடுகிறது. திருநங்கைகள் தமிழில் எழுதிய தன்வரலாறும் கவிதையும் நூலகங்களிலேயே கிடைக்கின்றன. முதல் மாதம் இவற்றிலிருந்து வாரம் ஒன்று சேர்ந்து படியுங்கள்.

கதை சாவில் முடிந்தால்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். உங்களுக்கு வரும் முதல் பத்துக் கதையில் ஐந்தாறு சாவில் முடியும். இரண்டு பெண்கள் காதலிப்பார்கள், கடைசிப் பத்தியில் கிணறு வரும். எழுதுகிறவர் தன் மனநிலையைத்தான் எழுதுகிறார் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். நாம் பார்த்து வளர்ந்த படங்களில் இவர்களுக்கு வேறு முடிவே கிடையாது. கதை என்றால் இப்படித்தான் முடியும் என்று கை பழகியிருக்கிறது.

தடை போடாதீர்கள். தடை போட்டால் அந்தக் கதை வேறெங்கோ தனியாகப் போய் எழுதப்படும். முதலில் தனிச்செய்தியில், சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: “கதையில வர்றது கதையா, இல்ல உங்களுக்கே அப்படித் தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனக்கே தோன்றுகிறது என்றால் இதழை ஒதுக்கிவைத்துவிட்டு இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போங்கள். கதைதான் என்றால், கதையைப் பாராட்டிவிட்டு இன்னும் ஒரு பக்கம் மட்டும் கேளுங்கள். அவர்கள் கிணற்றுக்குப் போகாமல் திரும்பியிருந்தால் மறுநாள் காலை என்ன நடந்திருக்கும்? யார் முதலில் எழுந்திருப்பார்கள்? பால்காரர் வந்திருப்பாரா? ஒருவர் இந்தக் கேள்விக்குப் பதினொரு பக்கம் எழுதி அனுப்பினார். அதில் கால்வாசி, இரண்டு பெண்களும் முதன்முதலாகச் சேர்ந்து செய்த உப்புமா கட்டி கட்டியாகப் போனதைப் பற்றி. அதுதான் எங்கள் நான்காம் இதழின் முதல் கதை.

வெளியிடும்போது ஒரு விதி: எப்படிச் செத்தார், எதனால் செத்தார் என்ற விவரம் இதழில் வராது. வீட்டு வன்முறை, வசவு, தற்கொலை எண்ணம் இருக்கும் கதைகளுக்குத் தலைப்புக்குக் கீழேயே ஒரு வரி எச்சரிக்கை. படிப்பதா வேண்டாமா என்று படிக்கிறவர் முடிவு செய்துகொள்வார்.

ஒரே தாளில் எட்டுப் பக்கம்

மின்னிதழோடு ஒரு சின்னக் காகித இதழும் செய்யுங்கள். கையில் பிடிக்க ஒன்று கிடைக்கும்போது வரும் மகிழ்ச்சி வேறு. ஒரு ஏ4 தாளும் கத்தரிக்கோலும் போதும், தைக்கவோ ஒட்டவோ வேண்டாம்.

தாளை அகலவாக்கில் வையுங்கள். நீளவாக்கில் ஒருமுறை பாதியாக மடித்துப் பிரியுங்கள். பிறகு குறுக்கே பாதியாக, மறுபடி பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் தெரியும்: மேலே நான்கு, கீழே நான்கு. கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 8, 1, 2, 3. மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 7, 6, 5, 4, ஆனால் இந்த நான்கும் தலைகீழாக. 1 முன்னட்டை, 8 பின்னட்டை. இப்போது தாளைக் குறுக்கே பாதியாக மடித்து, மடிப்பு இருக்கும் பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் வழியாக ஒரு கட்டத்தின் அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். பிரித்தால் தாளின் நடுவில் இரண்டு கட்டம் நீளத்துக்கு ஒரு கீறல் இருக்கும். நீளவாக்கில் மடித்து, இரண்டு முனையையும் பிடித்து உள்நோக்கித் தள்ளினால் கீறல் வாய் திறக்கும். அப்படியே சுற்றி மடித்தால் புத்தகம். முதலில் வெற்றுத் தாளில் பென்சிலால் எண் போட்டுச் செய்து பாருங்கள். முதல் தடவை 5-ம் பக்கம் தலைகீழாக வந்தே தீரும், எல்லோருக்கும் வரும்.

ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் விடுங்கள், ஜெராக்ஸ் எந்திரம் விளிம்பைத் தின்றுவிடும். ஒரு பக்கம் மட்டும் நகல் எடுத்தால் போதும் என்பதால் பிரதிக்கு ஓரிரு ரூபாய்தான் ஆகும். தெரு முனைக் கடைக்குப் போகாதீர்கள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், நாளெல்லாம் ஆள் மாறும் கடையாகப் பாருங்கள். கோப்பை அவர்கள் கணினியில் ஏற்றினால், வேலை முடிந்ததும் நீங்கள் பார்க்கும்போதே அழிக்கச் சொல்லுங்கள்.

இணையத்தில் அதே தாளைப் பிடிஎஃப்பாக வைத்தால், வேறு ஊரில் இருப்பவர் தானே அச்செடுத்து மடித்துக்கொள்ளலாம். உள்ளங்கையில் அடங்கும் அளவு என்பதால் பாடப்புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். அட்டையில் வானவில் வேண்டாம் என்று எங்கள் பிள்ளைகளே சொன்னார்கள். முதல் இதழின் அட்டையில் ஒரு பூசணிப் பூ. யார் பார்த்தாலும் தோட்டக்கலைக் குறிப்பு என்று நினைப்பார்கள்.

வெளியிட்ட பிறகு திரும்பப் பெறுவது

இதை முதல் நாளே எழுதி வையுங்கள்: யார் எப்போது கேட்டாலும், காரணம் கேட்காமல், 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவோம். ஒப்புதலை ஒருமுறை வாங்கினால் போதாது. எழுதியபோது ஒரு தடவை, திருத்திய பிறகு ஒரு தடவை, வெளியாவதற்கு முந்தின நாள் ஒரு தடவை கேளுங்கள். வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கியிருக்கலாம். வேலை மாறியிருக்கலாம். நேற்று சரி என்றவருக்கு இன்று சரியில்லாமல் இருக்கலாம்.

எடுப்பதில் இரண்டு வகை உண்டு. ரசிகர்கள் எழுதும் கதைகளைச் சேர்த்து வைக்கும் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற தளம் இதை அழகாகக் கையாளுகிறது. ரசிகர்களே 2007-ல் தொடங்கிய லாப நோக்கற்ற அமைப்பு நடத்துவது. 2009-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது, 2019-ல் அறிவியல் புனைவு உலகின் ஹியூகோ விருது வாங்கியது. அங்கே கதையை அழிக்கலாம். அல்லது ‘அநாதை’யாக்கலாம், அதாவது கதை அங்கேயே இருக்கும், எழுதியவரின் பெயரும் கணக்கும் மட்டும் அதிலிருந்து கழன்றுவிடும். பதிவு செய்தவர்கள் மட்டும் படிக்கும்படி பூட்டி வைக்கவும் முடியும். எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். அநாதையாக்கிய கதையை மறுபடி சொந்தம் கொண்டாட முடியாது, அதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

நாங்களும் அதே இரண்டு வழியை வைத்திருக்கிறோம். பெயரை மட்டும் எடு, அல்லது கதையையே எடு. இணையத்தில் போனதை முழுதாக அழிக்க முடியாது, யாராவது நகல் எடுத்திருக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். அதனால்தான் வெளியிடுவதற்கு முன் அவ்வளவு பார்க்கிறோம். இதுவரை ஆறு பேர் கேட்டிருக்கிறார்கள். ஆறு பேருக்கும் அன்றே எடுத்தோம். அதில் நான்கு பேர் பிறகு வேறு கதை அனுப்பினார்கள்.

குரலில் செய்தால், அதாவது பாட்காஸ்ட் என்றால், ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்கட்டும். குரலை எந்திரத்தில் மாற்றினாலும் பெற்ற தாய் பேச்சின் தாளத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். பின்னணியில் கோயில் ஒலிபெருக்கி, பேருந்து நடத்துநரின் கூவல், பக்கத்து வீட்டு நாயைக் கூப்பிடும் பெயர் எதுவும் கேட்கக் கூடாது.

மிரட்டலும், நள்ளிரவுச் செய்தியும்

இரண்டும் வரும். வருவதற்கு முன்பே என்ன செய்வதென்று எழுதி வைத்திருங்கள்.

“வீட்டில் சொல்லிவிடுவேன்” என்று மிரட்டிப் பணமோ படமோ கேட்டால், அது குற்றம். பணம் கொடுக்கச் சொல்லாதீர்கள்; ஒருமுறை கொடுத்தால் நிற்காது. செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு, பிறகு அந்தக் கணக்கைத் தடுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் புகார் செய்யலாம், 1930 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். அந்தரங்கப் படம் வெளியாகும் என்ற பயம் இருந்தால், 18 வயது நிரம்பியவர்களுக்கு ஸ்டாப்என்சிஐஐ என்ற சேவை உண்டு. படம் போனை விட்டு வெளியே போகாது. அதன் எண்முத்திரை (படத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஓர் அடையாளக் குறி) மட்டும் போய், அதில் சேர்ந்துள்ள தளங்களில் அந்தப் படம் ஏறாமல் தடுக்க உதவும். 18 வயதுக்கு முன் எடுத்த படம் என்றால் டேக் இட் டவுன் என்ற சேவை. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அந்த நபரின் முடிவு. காவல் நிலையம் போனால் வீட்டுக்குத் தெரியுமோ என்று பயப்படுவார்கள், அந்தப் பயம் நியாயமானது. அவசரப்படுத்தாதீர்கள். தெரிந்த வழக்கறிஞர் ஒருவரின் எண்ணை முன்பே வாங்கி வைத்திருங்கள்.

நள்ளிரவில் “இனி முடியல அக்கா” என்று செய்தி வந்தால், அறிவுரை சொல்லாதீர்கள். “உன் அம்மாவை நினைச்சுப் பார்” என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அம்மாவை நினைத்துத்தான் பாதி அழுகை. “நான் இங்கதான் இருக்கேன். நீங்க இப்போ எங்க இருக்கீங்க, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?” என்று கேளுங்கள். உயிரை விட நினைக்கிறாரா என்று நேராகவே கேளுங்கள். ஆமாம் என்றால் பேச்சை விடாமல் இன்னொரு பொறுப்பாளரையும் எழுப்புங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416: இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். 18 வயதுக்குக் கீழ் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 112 அல்லது 108. நாம் மனநல மருத்துவர்கள் இல்லை. மருத்துவரிடம் போய்ச் சேரும்வரை கூட இருப்பவர்கள். பாலீர்ப்பை மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் மருத்துவரிடமோ சாமியாரிடமோ அனுப்பிவிடாதபடி, இந்த இளைஞர்களை மதித்து நடத்தும் மருத்துவர் ஒன்றிரண்டு பேரை உங்கள் மாவட்டத்தில் இப்போதே விசாரித்து வையுங்கள்.

இந்த எண்களைக் குழுவின் முகப்பில் பொருத்தி வையுங்கள். இதழின் பின்னட்டையிலும் போடுங்கள், அதாவது அந்தத் தாளின் கீழ் வரிசையில் இடக்கோடியில் இருக்கும் 8-ம் கட்டத்தில். ஒவ்வொரு இதழ் அச்சுக்குப் போகும் முன்பும் எண் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள்.